புரதம் பெட்டிக்குள் நகர்ந்து சுற்றுகிறது: ஓடும்போதே நிறுத்தவேண்டுமா?

தளிர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து முதல் வருடம். எங்கள் துறையில் மூலக்கூறு இயக்கவியல் (அணுக்களின் அசைவைக் கணினியில் காலடி காலடியாகக் கணக்கிடுவது) செய்பவர்கள் வேறு யாரும் இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்டது யூபிக்விட்டின் என்ற சிறிய புரதம், புரத வடிவங்களின் தரவகமான பிடிபியில் எண் 1யுபிக்யூ, 76 அமினோ அமிலங்கள். டோடெகஹீட்ரான் பெட்டி, அதே பெட்டி எல்லாப் பக்கமும் பிம்பமாகத் திரும்பத் திரும்ப வரும் (பீரியாடிக்); ஒரு பிம்பத்துக்கும் அடுத்த பிம்பத்துக்கும் 7 நானோமீட்டர் இடைவெளி. உள்ளே சுமார் 8,000 தண்ணீர் மூலக்கூறுகள், டிப்3பி என்ற கணினி மாதிரியில். குரோமாக்ஸ் மென்பொருளில் 300 கெல்வின், வெப்பநிலையைப் பிடித்துவைக்க வி-ரீஸ்கேல் தெர்மோஸ்டாட், 2 ஃபெம்டோநொடி காலடி, மொத்தம் 100 நானோநொடி. நிறைமைய நகர்வை நீக்கும் அமைப்பான காம்-மோட், லீனியர் என்று மாதிரிக் கோப்பில் இருந்தது, அதை அப்படியே விட்டேன்.

படமாகக் காட்டும் விஎம்டியில் போட்டுப் பார்த்தால் புரதம் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. நகர்கிறது, உருள்கிறது, சுவரைத் தாண்டிப் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகத் தெரிகிறது. பைத்தான் நூலகமான எம்டிஅனாலிசிஸில் உள்ள ஆர்எம்எஸ்டி (தொடக்க வடிவத்திலிருந்து அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகின என்ற அளவு) ஃபங்ஷனை வைத்துக் கணக்கிட்டேன். முதல் சில நானோநொடிகளிலேயே 2 நானோமீட்டரைத் தாண்டிவிட்டது, அப்புறம் திடீர் திடீரென்று 4, 5 என்று குதிக்கிறது. கட்டுரைகளில் இதே புரதத்துக்கு 0.2 நானோமீட்டருக்குள்தான் போட்டிருக்கிறார்கள்.

சுழற்சிதான் காரணம் என்று நினைத்து காம்-மோடை, சுழற்சியையும் நீக்கும் ஆங்குலர் என்று மாற்றினேன். ஓட்டத்துக்கு முன் உள்ளீட்டைத் தயார்செய்யும் கிராம்ப் கட்டளை எச்சரித்தது. எச்சரிக்கையைப் புறக்கணிக்கச் சொல்லும் மேக்ஸ்வார்ன் கொடுத்துத் தாண்டிவிட்டேன். அந்த ஓட்டம் இப்போது கிளஸ்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் குழுக்களின் நகர்வை நீக்குவது என்று சொல்லும் காம்-குரூப்ஸில் புரதத்தைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் போட்டால் புரதம் அசையாது என்று விடுதி அறைத் தோழன் சொல்கிறான்.

இன்னொன்று. பயிற்சிக்காக அலனின் டைபெப்டைடை வெற்றிடத்தில் ஓட்டினேன். வெப்பநிலையை நானே திசைவேகங்களிலிருந்து கணக்கிட்டால் 300க்குப் பதில் 273 கெல்வின் போல வருகிறது. இரண்டும் ஒரே சிக்கலா, வேறு வேறா?

வைகைக்கரை எழுதியது:

தம்பி, முதல் வேலையாக அந்த ஆங்குலர் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். கிளஸ்டர் நேரம் வீண். மீதியை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் முதல் ஓட்டத்தில் எந்தத் தவறும் இல்லை. நல்ல டிராஜெக்டரியை (அணுக்கள் போன பாதையின் பதிவை) கையில் வைத்துக்கொண்டு அது கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீரில் இருக்கும் புரதம் நகரத்தான் செய்யும், உருளத்தான் செய்யும். எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். யூபிக்விட்டினின் விரவல் எண் (தண்ணீரில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு) சோதனையில் நானோநொடிக்குச் சுமார் 0.15 சதுர நானோமீட்டர். ஆறால் பெருக்கி, 100 நானோநொடியாலும் பெருக்கினால் 90. வர்க்கமூலம் ஒன்பதரை நானோமீட்டர். அதாவது இந்தப் புரதம் 100 நானோநொடியில் தன் அகலத்தைப் போல மூன்று மடங்கு தூரம் போவது இயல்பு. உருளுவதும் அப்படித்தான். காந்த ஒத்திசைவு முறையான என்எம்ஆரில் அளந்த உருளல் காலம் ஏறக்குறைய 4 நானோநொடி. உங்கள் ஓட்டத்துக்குள் அது ஆரம்பத்தில் எந்தத் திசை பார்த்து நின்றது என்பதை இருபது, இருபத்தைந்து தடவை மறந்திருக்கும். டிப்3பி தண்ணீரின் பாகுத்தன்மை உண்மைத் தண்ணீரைவிட மிகவும் குறைவு என்பதால் உங்களுடையது இன்னும் வேகமாகவே உருண்டிருக்கும்.

அப்படியானால் காம்-மோட் லீனியர் எதை நீக்குகிறது? முழு அமைப்பின் நிறைமைய நகர்வை. புரதம், தண்ணீர், அயனி எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலம் மொத்தமாக ஒரு பக்கம் பறப்பதை மட்டும் அது நிறுத்துகிறது. தண்ணீருக்குள் புரதம் நகர்வதை அது தொடாது. தொடவும் கூடாது.

மொத்த நகர்வை ஏன் நீக்கவேண்டும் என்று கேட்டால், அதற்கும் உங்கள் பெட்டியை வைத்தே கணக்கு இருக்கிறது. 8,000 தண்ணீரும் ஒரு யூபிக்விட்டினும் சேர்ந்து சுமார் 1,53,000 டால்டன். 300 கெல்வினில் இவ்வளவு நிறைக்கு நியாயமான வெப்ப வேகம் நொடிக்கு 7 மீட்டர். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நொடிக்கு 7 மீட்டர் என்றால் நானோநொடிக்கு 7 நானோமீட்டர். தொடக்கத்தில் திசைவேகங்களைச் சீரற்றுப் போடும்போது நிறைமையத்துக்கு இவ்வளவு வேகம் ஒட்டிக்கொண்டு, நீங்கள் அதை நீக்காமல் விட்டால், ஒவ்வொரு நானோநொடியும் பெட்டி அளவுக்கு எல்லாமே ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். விரவல் எண் கணக்கிடப் போனால் நேரத்தின் வர்க்கத்தில் ஏறும் ஒரு கோடுதான் கிடைக்கும். தொடக்கத்தில் சுழியாக்கிவிட்டாலும் போதாது. மின்விசையைக் கணக்கிடும் பிஎம்இ முறையில் வலையிலிருந்து இடைக்கணிப்புச் செய்து விசை எடுப்பதால் எல்லா விசைகளின் கூட்டுத்தொகை சரியாகச் சுழியாவதில்லை. எண்களை வட்டமாக்குவதில் வரும் பிழையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் குரோமாக்ஸ் 100 காலடிக்கு ஒரு முறை மைய நகர்வைத் துடைக்கிறது.

சரி, சுழற்சியையும் இப்படித் துடைத்தால் என்ன? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பீரியாடிக் பெட்டியில் நேர்கோட்டு உந்தம் மாறாது, ஆனால் கோண உந்தம் மாறாமல் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறு வலது சுவரைத் தாண்டி இடது சுவர் வழியாக உள்ளே வருகிறது என்று வையுங்கள். அதன் வேகம் மாறவில்லை, அதன் மேல் உள்ள விசை மாறவில்லை. ஆனால் மையத்திலிருந்து அதன் இடம் மாறிவிட்டதால் கோண உந்தக் கணக்கில் அதன் பங்கு தலைகீழாகிறது. இயற்பியலில் ஒன்றுமே நடக்கவில்லை, கணக்கில் மட்டும் குதிப்பு. நீங்கள் ஆங்குலர் என்று போட்டால், இந்தப் பொய்க் குதிப்பை நிஜச் சுழற்சி என்று எடுத்துக்கொண்டு, அதைச் சரிக்கட்ட எல்லா அணுக்களின் திசைவேகத்தையும் மாற்றுகிறது. கிராம்ப் கொடுத்த எச்சரிக்கையை முழுதாகப் படித்தீர்களா? ஒற்றை மூலக்கூறு அல்லது ஒற்றைக் கொத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்து, அந்தக் கொத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்றுதான் அது சொல்கிறது. மேக்ஸ்வார்னை இனிமேல் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் இழந்த நேரம் இருக்கிறது.

தோழர் சொன்ன யோசனையும் வேண்டாம். புரதத்தைத் தனிக் குழுவாகப் போட்டால் 100 காலடிக்கு ஒரு முறை, அதாவது 0.2 பிகோநொடிக்கு ஒரு முறை, அதன் மைய வேகம் சுழியாக்கப்படும். இவ்வளவு பெரிய புரதம் தண்ணீரில் தன் வேகத்தை நினைவில் வைத்திருப்பதே அரை பிகோநொடி அளவுதான். அது வேகம் எடுப்பதற்குள் நீங்கள் பிடித்துவிடுகிறீர்கள். தண்ணீர் தள்ளுவதும் நீங்கள் நிறுத்துவதுமாக 100 நானோநொடி ஓடும். புரதம் அசையாமல் நிற்கும், படம் அழகாக இருக்கும், ஆனால் தண்ணீருக்கும் புரதத்துக்கும் நடுவே உள்ள உராய்வே பொய்யாகிவிடும்.

இப்போது உங்கள் ஆர்எம்எஸ்டி. நீங்கள் அழைத்த அந்தச் சிறிய ஃபங்ஷன், நீங்களாகக் கேட்காவிட்டால் இரண்டு வடிவங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தாது. சூப்பர்பொசிஷன் என்பதை ட்ரூ என்று கொடுக்கவேண்டும். கொடுக்காமல் விட்டதால் புரதம் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு உருண்டது என்பதைத்தான் ஆர்எம்எஸ்டி என்று வரைந்திருக்கிறீர்கள். திடீர்க் குதிப்புகள் புரதம் சுவரில் உடைந்து தெரியும் இடங்கள். உடைந்த புரதத்தை எந்தப் பொருத்தலாலும் சரிசெய்ய முடியாது, அதனால் முதலில் உடைசலை ஒட்டவேண்டும்.

டிராஜெக்டரியைத் திருத்தும் குரோமாக்ஸ் கட்டளையான டிரஜ்கான்வில் வரிசை முக்கியம். முதலில் பிபிசி (பீரியாடிக் எல்லை) ஹோல், மூலக்கூறுகளை முழுமையாக்க. அப்புறம் நோஜம்ப், சுவர் தாண்டும் குதிப்பை எடுக்க. தேவைப்பட்டால் சென்டர். எல்லாம் முடிந்து கடைசியாக, நகர்வையும் சுழற்சியையும் எடுத்துப் பொருத்த ஃபிட் ராட்+டிரான்ஸ், அதையும் தனி ஓட்டமாக. ஃபிட் செய்த கோப்பில் திரும்ப பிபிசி வேலை செய்யாதீர்கள். புரதத்தைச் சுழற்றி நேராக்கும்போது பெட்டி கோணலாகிவிடுகிறது, சுவர்கள் எங்கே என்பது அந்தக் கோப்பில் உண்மையாக இல்லை. புரதம் தன் பிம்பத்தை நெருங்கியதா என்று பார்ப்பதும் ஃபிட் செய்யாத கோப்பில்தான்.

அலனின் டைபெப்டைடு வேறு கதை. அதைத் தனியாக எழுதுகிறேன், எனக்கு அது மனதுக்கு நெருக்கமான விஷயம்.

வைகைக்கரை எழுதியது:

அலனின் டைபெப்டைடில் 22 அணுக்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று என்று 66 சுதந்திர இயக்கக் கூறுகள். வெற்றிடத்தில் மொத்த நகர்வையும் மொத்தச் சுழற்சியையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது 60. இயக்க ஆற்றல் அந்த அறுபதில்தான் இருக்கிறது. நீங்கள் 66ஆல் வகுத்திருக்கிறீர்கள். 300ஐ 60ஆல் பெருக்கி 66ஆல் வகுத்துப் பாருங்கள், 272.7 வரும். நீங்கள் சொன்ன 273 அதுதான். எந்தப் பிணைப்பின் நீளத்தையும் மாறாமல் கட்டிவைக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்றும் இதிலிருந்தே தெரிகிறது. ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கட்டியிருந்தால் பன்னிரண்டு போய் 54, நீக்கிய ஆறும் போய் 48 என்று கணக்கு மாறியிருக்கும்.

உங்கள் தவறு பகுப்பாய்வில் மட்டும், அதனால் பாதகமில்லை. இதே தவறு தெர்மோஸ்டாட்டுக்குள் நடந்தால் கதையே வேறு. அது 66ஆல் வகுத்துக்கொண்டு 300ஐக் காட்டவேண்டும் என்று சூடேற்றினால் மூலக்கூறு உண்மையில் 330 கெல்வினில் ஓடும். தண்ணீர்ப் பெட்டியில் ஐம்பதாயிரம் கூறுகளில் மூன்று போனால் யாருக்கும் தெரியாது. 22 அணுவில் ஆறு போனால் பத்தில் ஒரு பங்கு.

நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சிறு பெப்டைடு, வெற்றிடம், பெரெண்ட்சன் தெர்மோஸ்டாட். ஒரு குழுவிலிருந்து வாங்கிய உள்ளீட்டுக் கோப்பில் மைய நகர்வு நீக்கம் அணைக்கப்பட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. வெப்பநிலை வரைபடம் 300 கெல்வினில் கோடு போட்டதுபோல் இருந்தது. பெப்டைடு அழகான ஹெலிக்ஸாக நின்றது, பக்கச் சங்கிலிகள்கூட அசையவில்லை. எவ்வளவு நிலையான ஹெலிக்ஸ் என்று சந்தோஷப்பட்டு மூன்று மாதம் அதன் மேலேயே வேலை செய்தேன். ஒரு நாள் ஃபிட் செய்யாத டிராஜெக்டரியைத் தற்செயலாகத் திறந்தேன். பெப்டைடு ஒரு கட்டையைப் போல விறைத்துக்கொண்டு, பம்பரமாகச் சுற்றியபடி நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஆற்றல் முழுக்க நகர்விலும் சுழற்சியிலும் போய்ச் சேர்ந்திருந்தது. உள்ளே அதிர்வு உறைந்துபோயிருந்தது. அன்று எனக்கு அழுகை வந்தது.

இதற்குப் பெயரே உண்டு: பறக்கும் பனிக்கட்டி. ஹார்வி, டான், சீத்தம் மூவரும் 1998இல் இதை விளக்கி எழுதினார்கள். தெர்மோஸ்டாட் எல்லாத் திசைவேகங்களையும் ஒரே எண்ணால் பெருக்குகிறது. அதற்கு மொத்தக் கூட்டுத்தொகை மட்டும் தெரியும், எங்கே எவ்வளவு என்று தெரியாது. உள் அதிர்வுகள் நிலை ஆற்றலோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருக்கின்றன. நிறைமைய நகர்வுக்கு வெற்றிடத்தில் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை; உராய்வும் இல்லை, மோதலும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அங்கே சேர்ந்துகொண்டே போகிறது. ஆற்றல் சமபங்கீட்டு விதிப்படி 300 கெல்வினில் மொத்த நகர்வுக்கு மோலுக்கு 3.7 கிலோஜூல், சுழற்சிக்கு இன்னொரு 3.7 கிலோஜூல். அதற்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். 2018இல் பிரவுன், மூசவி, ஸ்மிட் இதைத் திரும்ப எடுத்து ஆராய்ந்தார்கள். எளிய ரீஸ்கேலிங்கும் பெரெண்ட்சனும் இந்தக் குற்றத்தைச் செய்கின்றன, புஸ்ஸி, டொனாடியோ, பரினெல்லோ மூவரும் 2007இல் கொடுத்த முறை செய்வதில்லை என்று காட்டினார்கள். குரோமாக்ஸின் வி-ரீஸ்கேல் அந்த 2007 முறைதான், பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

ஆக வெற்றிடத்தில், எல்லையே இல்லாத ஒற்றை மூலக்கூறுக்கு, சுழற்சியையும் நீக்குவது சரி. அங்கே கோண உந்தம் உண்மையாகவே மாறாத ஒன்று. செய்முறை எளிது: மையத்தைச் சுற்றிய கோண உந்தத்தைக் கண்டுபிடி, நிலைமத் திருப்புத்திறன் அணியின் நேர்மாறால் பெருக்கிக் கோணத் திசைவேகத்தை எடு, ஒவ்வொரு அணுவிலும் அந்தச் சுழற்சிக்குரிய வேகத்தைக் கழி. லாஞ்செவின் தெர்மோஸ்டாட் என்றால் இந்த வேலை வேண்டாம். ஒவ்வொரு அணுவும் தனித்தனியாகக் குட்டு வாங்குவதால் நகர்வும் சுழற்சியும் அவற்றுக்குரிய வெப்பநிலையில் தானாகவே நிற்கும், கணக்கில் 66உம் அப்படியே இருக்கும். ஆம்பர் மென்பொருளில் வெற்றிட லாஞ்செவின் ஓட்டத்தில் மூலக்கூறு தொலைதூரம் போய்விடாமல் மையத்தை மட்டும் அவ்வப்போது நடுவுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள், வேகத்தைத் தொடமாட்டார்கள். அதுதான் நாணயமான வழி.

கரியமிலம் எழுதியது:

அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். நான் தனி கார்பன் டைஆக்சைடு மூலக்கூறை ஓட்டும்போது, நானே எழுதிய சுழற்சி நீக்கும் நிரல் அவ்வப்போது பைத்தியக்காரத்தனமான வேகங்களைக் கொடுக்கிறது. மற்ற மூலக்கூறுகளில் ஒழுங்காக ஓடுகிறது.

வைகைக்கரை எழுதியது:

நேர்கோட்டு மூலக்கூறு. அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் சுழி, அணிக்கு நேர்மாறே கிடையாது. மூலக்கூறு லேசாக வளையும்போது அந்த மதிப்பு சுழிக்கு மிக அருகில் ஒரு சின்ன எண்ணாக இருக்கும்; அதனால் வகுத்தால் வெடிக்கும். ஐகன் மதிப்புகளை எடுத்து, மிகச் சின்னதை விட்டுவிட்டு மற்ற இரண்டு அச்சுகளில் மட்டும் சுழற்சியை நீக்குங்கள். கூறுகளின் கணக்கிலும் ஆறுக்குப் பதில் ஐந்தைக் கழியுங்கள். விறைப்பான பிணைப்புகள் என்றால் இன்னும் கவனம் தேவை.

நானோகுழாய் எழுதியது:

வைகைக்கரை அக்கா சொன்னதில் ஒரு விதிவிலக்கு சேர்க்கிறேன். மொத்த நகர்வை நீக்குவதே தவறாகும் வேலைகளும் உண்டு. நான் லேம்ப்ஸ் மென்பொருளில் கார்பன் நானோகுழாய்க்குள் தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்கிறேன். தண்ணீரைத் தள்ள ஒவ்வொரு அணுவுக்கும் சின்ன விசை கொடுக்கிறோம், அந்த ஓட்டம்தான் விடை. பழைய உள்ளீட்டுக் கோப்பிலிருந்து மொத்த நகர்வைச் சுழியாக்கும் ஃபிக்ஸ் மொமென்டம் வரி ஒன்று கூடவே வந்து தண்ணீர்க் குழுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டமே இல்லை. குழாய் அடைத்துக்கொண்டது என்று ஒரு வாரம் குழாயின் ஆரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அந்த வரியை எடுத்ததும் தண்ணீர் ஓடியது.

ஆனால் வரியை எடுத்தால் அடுத்த சிக்கல் வரும். தெர்மோஸ்டாட் ஓட்டத்தின் வேகத்தையும் வெப்பம் என்று எண்ணிக்கொண்டு தண்ணீரைக் குளிர்விக்கும். வெப்பநிலை கணக்கிடும்போது மட்டும் ஓட்ட வேகத்தைக் கழிக்கவேண்டும், அதற்கு லேம்ப்ஸில் தனி கம்ப்யூட் கட்டளைகள் இருக்கின்றன. அல்லது ஓட்டத்துக்குக் குறுக்கான திசைகளை மட்டும் தெர்மோஸ்டாட்டிடம் கொடுக்கலாம்.

சவ்வு எழுதியது:

லிப்பிடு ஆட்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. இரட்டை அடுக்குச் சவ்வில் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். முழு அமைப்பின் மையம் நின்றாலும் மேலடுக்கு இடப்பக்கமும் கீழடுக்கு வலப்பக்கமும் போகலாம். பக்கவாட்டு விரவல் எண் கணக்கிடும்போது ஒவ்வொரு அடுக்கின் மையத்தையும் தனித்தனியாகக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுவேன். ஓடும்போது நீக்குவதைவிடப் பின்னால் கழிப்பது நல்லது என்பது என் அனுபவம். பின்னால் கழித்தால் பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். ஓடும்போது நீக்கியதை யாரும் திருப்பித் தர முடியாது.

தளிருக்கு இன்னொன்று. விரவல் எண் என்று இறங்கினால் பெட்டி அளவுத் திருத்தத்தை மறக்கவேண்டாம். யே, ஹம்மர் இருவரும் 2004இல் கொடுத்த சூத்திரத்தில் உங்கள் 7 நானோமீட்டரையும் டிப்3பி-யின் பாகுத்தன்மையையும் போட்டால் திருத்தம் மட்டுமே நானோநொடிக்கு ஏறக்குறைய 0.28 சதுர நானோமீட்டர் வருகிறது. சோதனை மதிப்பே 0.15தான். திருத்தம் போடாமல் சோதனையோடு ஒத்துப்போனால் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துவிட்டன என்று பொருள்.

தளிர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆங்குலர் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். ஹோல், நோஜம்ப், ஃபிட் வரிசையில் செய்தேன். குதிப்புகள் போய்விட்டன! 60ஆல் வகுத்ததும் வெப்பநிலையும் சரியாகிவிட்டது.

ஆனால் 76 ஆல்ஃபா கார்பன்களையும் (ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒன்று) வைத்துப் பொருத்தினால் ஆர்எம்எஸ்டி சில இடங்களில் 0.3, 0.35 நானோமீட்டர் வரை ஏறி இறங்குகிறது. இன்னும் சுழற்சி மிச்சம் இருக்கிறதா?

வைகைக்கரை எழுதியது:

நல்ல கேள்வி. எதை வைத்துப் பொருத்துகிறோம் என்பதுதான் இனி உங்கள் முடிவு.

யூபிக்விட்டினின் கடைசி நாலைந்து அமினோ அமிலங்கள், 72 முதல் 76 வரை, வால் போலத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும். வாலையும் சேர்த்துப் பொருத்தினால், வால் வீசும்போது அதைச் சமாதானப்படுத்த முழுப் புரதத்தையும் கொஞ்சம் திருப்பவேண்டியிருக்கிறது. வாலின் ஆட்டம் உடம்பு முழுக்கப் பூசப்படுகிறது. 1 முதல் 70 வரை உள்ள ஆல்ஃபா கார்பன்களை வைத்துப் பொருத்தி, அதே எழுபதுக்கு ஆர்எம்எஸ்டி வரையுங்கள். வாலைத் தனியாக வரையுங்கள்.

கொஞ்சம் ஆழமாகப் போனால், வளையக்கூடிய ஒரு மூலக்கூறில் இவ்வளவு சுழற்சி, இவ்வளவு உள் அசைவு என்று கத்தி வைத்து வெட்டியதுபோல் பிரிக்கவே முடியாது. கூரையிலிருந்து தலைகீழாக விழும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கோண உந்தம் சுழிதான், பிடித்துத் திரும்ப எதுவும் இல்லை. ஆனாலும் முன்னுடலையும் பின்னுடலையும் மாற்றி மாற்றி வளைத்து நாலு காலில் வந்து நிற்கிறது. உங்கள் டைபெப்டைடும் அப்படித்தான். ஒவ்வொரு காலடியிலும் கோண உந்தத்தைச் சுழியாக்கினாலும், அது உள்ளே வளைந்து நெளிந்தே திசை மாறிவிடும். அதனால் வெற்றிட ஓட்டத்தில் ஆங்குலர் போட்டிருந்தாலும் பகுப்பாய்வில் பொருத்தல் தேவை. கார்ல் எக்கார்ட் 1935இலேயே இதைப் பற்றி யோசித்து, ஒரு மேற்கோள் வடிவத்தை வைத்துக்கொண்டு அதற்குச் சார்பாகச் சுழற்சியை வரையறுக்கும் வழியைக் கொடுத்தார். நாம் இன்று பயன்படுத்தும் பொருத்தல், 1976இல் கப்ஷ் கொடுத்தது, அதே குடும்பம்தான். மேற்கோளை மாற்றினால் விடையும் கொஞ்சம் மாறும். கட்டுரையில் எந்த அணுக்களை, எந்த வடிவத்தின் மேல் பொருத்தினீர்கள் என்று எழுதாமல் விடாதீர்கள். கப்ஷ் முறையை நீங்களே நிரலாக எழுதினால் அணிக்கோவையின் குறியைச் சரிபாருங்கள். எதிர்மறையாக வந்தால் புரதத்தைச் சுழற்றுவதற்குப் பதில் கண்ணாடிப் பிம்பமாக்கிவிடுவீர்கள், ஆர்எம்எஸ்டி சந்தேகப்படும்படி குறைவாக வரும்.

பொருத்தல் சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பொருத்திய அதே 70 ஆல்ஃபா கார்பன்களுக்கு முதன்மைக் கூறு ஆய்வு (எந்தத் திசைகளில் அசைவு அதிகம் என்று பிரித்துப் பார்ப்பது) செய்யுங்கள். 210 ஐகன் மதிப்புகள் வரும். கடைசி ஆறு சுழியாகவோ சுழிக்கு வெகு அருகிலோ இருக்கவேண்டும். நகர்வு மூன்று, சுழற்சி மூன்று, அவை போய்விட்டன என்பதற்கு அதுவே சாட்சி.

பொருத்தும்போது கிடைக்கும் சுழற்சி அணிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒன்று என்று சேமித்து வையுங்கள். புரதம் எவ்வளவு வேகமாக உருண்டது என்ற தகவல் முழுக்க அவற்றில் இருக்கிறது. அதிலிருந்து உருளல் காலத்தை எடுத்து 4 நானோநொடியோடு ஒப்பிடலாம். பொருத்திய கோப்பிலிருந்து நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகளின் ஒழுங்கு அளவுருவை (பிணைப்பு எவ்வளவு ஆடாமல் நிற்கிறது என்பதன் அளவை) எடுக்கலாம். என்எம்ஆர் ஆட்கள் லிபாரி, சாபோ 1982இல் சொன்ன முறைப்படி எடுப்பதும் அதுதான். உருளலும் உள் அசைவும் ஒரே ஓட்டத்திலிருந்து தனித்தனியாகக் கிடைக்கும்.

தளிர் எழுதியது:

70 ஆல்ஃபா கார்பன்களை வைத்துப் பொருத்தினேன் அக்கா. 100 நானோநொடியும் 0.15 நானோமீட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கடைசி ஆறு ஐகன் மதிப்புகளில் மூன்று அப்பட்டமான சுழி, மூன்று மற்றவற்றைவிட மிகச் சின்னவை. வாலைத் தனியாக வரைந்தால் அதுதான் அந்த 0.35க்கு எல்லாம் காரணம்.

சுழற்சி அணிகளைச் சேமித்துவிட்டேன். இன்று இரவு உருளல் காலத்தைக் கணக்கிடப் போகிறேன். டிப்3பி என்பதால் 4 நானோநொடியைவிடக் குறைவாக வரும் என்று எதிர்பார்க்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.